ஒப்பாவ் 1921: நீர் நிற்கும் குழியின் புகைப்படத்திற்குச் சரியான படக்குறிப்பு எது?

கேள்வி – பழம்படச் சேகரிப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். தொழிற்சாலை விபத்துகளின் வரலாற்றை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஒரு சிறு கண்காட்சிக்காகப் பழைய புகைப்படங்களைத் திரட்டி வருகிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றிய ஐயங்கள் சில வாரங்களாக என்னை விடாமல் தொல்லைப்படுத்துகின்றன. அஞ்சலட்டை அளவிலான கறுப்பு வெள்ளைப் படம் அது. நடுவில் ஒரு பெரிய பள்ளம். அதன் அடியில் குளம்போல் நீர் தேங்கியிருக்கிறது. பள்ளத்திற்கு அப்பால் வளைந்து முறுக்கிய இரும்புச் சட்டங்களும், அவற்றுக்கும் பின்னால் சாயாமல் நிற்கும் சில புகைபோக்கிகளும் தெரிகின்றன. வெறுங்கண்ணுக்குப் பள்ளத்தின் விளிம்பு வெறும் மண்மேடாகத்தான் தோன்றுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் அங்கே எறும்பு வரிசைபோல் மனிதர்கள் நிற்பது தெரிந்தது. அவர்களில் சிலர் சீருடையில் இருப்பதுபோலவும் தெரிகிறது. இடப்பக்க ஓரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு, கட்டைகள் கழன்று விழாத நிலையிலேயே, பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

படத்தின் பின்புறத்தில் பென்சிலால் 'ஒப்பாவ், 1921' என்று எழுதியிருக்கிறார்கள். ஒப்பாவ் என்பது ஜெர்மனியில் அந்த ஆண்டு ஆலை வெடிப்பு நிகழ்ந்த ஊர். ஆனால் இதைப் பார்த்த நண்பர் ஒருவர், இது லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் 1948-இல் நிகழ்ந்த வெடிப்பின் படமாக இருக்கலாம் என்கிறார். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஆலைகள் என்பதால் குழப்பம் கூடுகிறது. மேலும், ஒப்பாவில் வெடித்தது உரம் என்று படித்தேன். வயலுக்குப் போடுகிற உரம் எப்படி ஓர் ஊரையே அழிக்கும் என்று மாணவர் ஒருவர் கேட்டால் என்னிடம் தெளிவான விடை இல்லை. இறுகிப்போன உரத்தை உடைக்க டைனமைட் வைத்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, இதை எந்தச் சொல்லால் குறிப்பது என்றே புரியவில்லை. படத்தின் கீழே ஐந்தாறு வரிகளுக்கு மேல் இடம் இல்லை. அந்த வரிகள் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி 1 – படவியல் ஆர்வலர்

வணக்கம் ஐயா. பின்புறத்துப் பென்சில் எழுத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். விற்றவரோ வாங்கியவரோ பிற்காலத்தில் எழுதியதாகவும் அது இருக்கக்கூடும். தங்கள் படத்திற்குச் சான்று அதன் முன்பக்கத்திலேயே இருக்கிறது.

1948 ஜூலை 28 அன்று லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலையில் வெடித்தது ஒரு ரயில் தொட்டிவண்டியிலிருந்து கசிந்த டைமெத்தில் ஈதர். அந்த விபத்தில் 207 பேர் இறந்தார்கள். கசிந்த ஆவி காற்றோடு கலந்து மேகமாகப் பரவிய பிறகு தீப்பற்றி வெடிக்கும்போது, சுவர்கள் சரியும், கூரைகள் பறக்கும், இரும்புச் சட்டங்கள் வளையும்; ஆனால் தரையை அவ்வளவு ஆழத்திற்குத் தோண்டி எறிகிற வேலையை அது செய்யாது. தரையோடு தரையாகக் குவிந்து கிடந்த திண்மப் பொருள் பெரும் அளவில் ஒரே கணத்தில் வெடித்தால்தான் அப்படிப்பட்ட பள்ளம் விழும். ஒப்பாவில் 1921 செப்டம்பர் 21 காலை 7.32 மணிக்கு நடந்தது அதுதான். அங்கே விழுந்த பள்ளத்தின் அளவு ஏறத்தாழ 125 மீட்டர் நீளம், 90 மீட்டர் அகலம், 19 மீட்டர் ஆழம் எனப் பதிவாகியிருக்கிறது.

தாங்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பதால் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். பள்ளத்தின் மிக அகன்ற பகுதியின் ஓரத்தில், அதே தொலைவில் நிற்கும் ஒருவரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பிறகு அந்த இடத்தில் பள்ளத்தின் அகலத்தையும் அளந்து, முன்னதால் பின்னதை வகுத்து, ஒரு மனிதனின் உயரமான 1.7 மீட்டரால் பெருக்குங்கள். மனித உருவம் மிகச் சிறியதாக இருக்கும் என்பதால் விடையில் கால் பங்கு வரை பிழை வரலாம். எனினும் பள்ளம் முப்பது மீட்டரா, நூறு மீட்டரா என்பது விளங்கிவிடும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். ஒப்பாவ் ரைன் ஆற்றின் கரையோரச் சமவெளியில் இருக்கிறது. அங்கே நிலத்தடி நீர் மேலேயே கிடைக்கும். அதனால்தான் பள்ளத்தில் நீர் ஊறி நின்றது. பார்ப்பவருக்கு நீர்மட்டம் வரைதான் பள்ளம் தெரிகிறது. 19 மீட்டர் என்ற உண்மை ஆழம் படத்தில் இல்லை. படக்குறிப்பில் ஆழத்தை எண்ணால் குறிப்பிடுவது இந்தப் படத்துக்கு அவசியம் என்பேன். சீருடையில் இருப்பவர்களைப் பொறுத்தவரை, முதல் உலகப் போருக்குப் பின் அந்தப் பகுதி பிரெஞ்சுப் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவர்களை ஜெர்மன் காவலர்கள் என்று உறுதியாக எழுதிவிட வேண்டாம்.


மறுமொழி 2 – வேதியியல் ஆசிரியர்

உரம் எப்படி வெடித்தது என்ற கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பாவ் ஆலை சாதாரண ஆலை அன்று. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்யும் வழியை ஃப்ரிட்ஸ் ஹாபர் ஆய்வகத்தில் கண்டார். அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தெடுத்தவர் கார்ல் பாஷ். அந்த முறையில் உலகிலேயே முதன்முதலாகப் பெரும் அளவில் அம்மோனியா உற்பத்தியானது 1913-இல் இந்த ஒப்பாவில்தான். போர்க்காலத்தில் இதே ஆலையின் அம்மோனியா வெடிமருந்துக்கான நைட்ரேட் செய்யவும் பயன்பட்டது. ஒப்பாவைச் சிலர் வெடிமருந்து ஆலை என்று எழுதுவதற்கு அதுவே காரணம். 1921-இல் வெடித்தது வெடிமருந்து அன்று. வயலுக்குப் போக வேண்டிய உரம்.

அந்த உரம் அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஏறத்தாழச் சரிபாதியாகச் சேர்ந்த கலப்பு உப்பு. நைட்ரேட் தனியாக இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தக்க தூண்டுதல் கிடைத்தால் வெடிக்கவும் செய்யும். சல்பேட் வெடிக்காது, அருகிலுள்ள நைட்ரேட் வெடிக்க முயன்றாலும் அந்த ஆற்றலைத் தான் வாங்கிக்கொண்டு தணித்துவிடும். நைட்ரேட்டின் பங்கு 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கலவையில் வெடிப்பு பரவாது என்று சோதனைகள் காட்டியிருந்தன. சரிபாதிக் கலவை என்றால் அந்த வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறோம் என்று ஆலையில் இருந்தவர்கள் நம்பினார்கள்.

இனி டைனமைட்டுக்கு வருவோம். மழைக்காலத்தில் ஓர் உரமூட்டையைச் சில வாரம் தரையில் போட்டுவைத்தால் உள்ளே இருப்பது கல்லாக இறுகிவிடும். அதை உதிர்க்கக் கட்டையால் தட்ட வேண்டும். ஒப்பாவின் சேமிப்புக் கிடங்கு ஒன்றில் மட்டும் அன்று ஏறத்தாழ 4,500 டன் உப்பு குவிந்திருந்தது. அது தன் எடையாலேயே அழுந்திக் கட்டி பிடித்திருந்தது. அடிவாரத்தில் நின்று கடப்பாரையால் குத்தி எடுத்தால், மேலே நிற்கும் சுவர்போன்ற உப்புப் பாறை சரிந்து தொழிலாளியை மூடிவிடும். அந்த ஆபத்தைத் தவிர்க்கவே துளையிட்டு, சிறிய அளவில் மருந்து கெட்டித்து, வேட்டு வைத்துத் தளர்த்தினார்கள். இன்று கேட்டால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் இப்படி ஏறத்தாழ 20,000 வேட்டுகள் எந்த விபத்தும் இல்லாமல் வெடித்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் அந்தக் காலையில் மட்டும் என்ன மாறியது? உப்பை உலர்த்தும் முறை அந்த ஆண்டுதான் மாற்றப்பட்டிருந்தது. கரைசலைத் தெளித்து உலர்த்தும் புதிய முறையில் உப்பின் ஈரப்பதம் மூன்று நான்கு விழுக்காட்டிலிருந்து இரண்டு விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. உப்பும் முன்னைவிட இலேசாக, காற்று புகுந்ததாக ஆனது. ஈரம் குறைவதும் அடர்த்தி குறைவதும் இத்தகைய உப்பை வெடிப்புக்கு எளிதில் இணங்கச் செய்யும். தவிர, குவியலின் ஒரு பகுதியில் நைட்ரேட் மிகுதியாகச் சேர்ந்திருந்தது என்பதே பின்னர் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே கொதியில் வெந்த பானைக்குத்தான் அந்தப் பதம் பொருந்தும். பல நாள், பல தொகுதிகளாக வந்து கொட்டிய 4,500 டன் குவியலில், ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்துவிட்டு முழுவதும் சரிபாதி என்று எப்படிச் சொல்வது? சராசரி ஐம்பதாக இருக்கும்போதே ஒரு மூலையில் எழுபது இருக்கலாம்.

மாணவர்களுக்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டும் ஓர் உண்மை உண்டு. அந்த 4,500 டன்னில் வெடித்தது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் என்று மதிப்பிடுகிறார்கள். எஞ்சியது வெடிக்காமல் சிதறிப் போயிற்று. அதாவது குவியலின் பெரும்பகுதி, சோதனைகள் சொன்னபடியே, பக்கத்தில் அவ்வளவு பெரிய வெடிப்பு நிகழ்ந்தபோதும் வெடிக்கவில்லை. சோதனைகளில் பொய் இல்லை. சோதித்த உப்பும் கிடங்கில் கிடந்த உப்பும் ஒன்றே என்று எண்ணியதுதான் பிழை.


மறுமொழி 3 – பாதுகாப்புப் பணியாளர்

ஆசிரியர் அவர்களின் விளக்கம் மிகவும் பயனுள்ளது. ஆயினும் ஆலை நிர்வாகத்தின் பொறுப்பை அது சற்று இலேசாக்கிவிடுகிறதோ என்று அஞ்சுகிறேன். ஒப்பாவுக்கு இரண்டு மாதங்கள் முன்பு, 1921 ஜூலை 26 அன்று, மேல் சிலேசியாவின் கிரீவால்ட் என்ற இடத்தில், ரயில் வண்டிகளில் இறுகிப்போயிருந்த அம்மோனியம் நைட்ரேட்டை வேட்டு வைத்துத் தளர்த்த முயன்றபோது அது வெடித்து 19 பேர் இறந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகும் அதே வேலையைத் தொடர்ந்ததை எப்படி ஏற்பது? என் பணியில் 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே' என்ற சொல்லைத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்டிருக்கிறேன். படக்குறிப்பில் 'கவனக்குறைவு' என்ற சொல் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.


மறுமொழி 4 – வேதியியல் ஆசிரியர்

கிரீவால்டை நினைவூட்டியதற்கு நன்றி. நான் அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அங்கே வெடித்தது சல்பேட் கலவாத நைட்ரேட். ஒப்பாவில் இருந்தது கலப்பு உப்பு. 'அது வேறு பொருள், நமக்குப் பொருந்தாது' என்று தள்ளிவைக்க அந்த வேறுபாடு இடம் கொடுத்தது. அப்படித் தள்ளிவைத்தது தவறு என்பதில் நானும் தங்களோடு ஒத்துப்போகிறேன். உலர்த்தும் முறையை மாற்றிய அன்றே பழைய சோதனைகள் அனைத்தையும் புதிய உப்பின்மேல் மறுபடி செய்திருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் 'கவனக்குறைவு' என்ற சொல்லைப் படிப்பவரின் கண்முன் யார் வந்து நிற்பார்? உப்பின்மேல் ஏறி நின்று துளையிட்டவர்தான். அன்று வேட்டு வைத்தவர்களில் யாரும் பிழைத்துவந்து என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட முறையில், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட அளவில்தான் மருந்து வைத்தார்கள் என்று கொள்வதே நேர்மை. பொறுப்பு மேலே இருந்தது. அந்த ஒற்றைச் சொல் அதைக் கீழே இறக்கிவிடும். ஆகவே அந்தச் சொல்லுக்குப் பதிலாக, உலர்த்தும் முறை மாறியதையும், கிரீவால்டில் நடந்ததையும் அப்படியே எழுதிவிடுங்கள். இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர் தாமே முடிவுக்கு வருவார்.


மறுமொழி 5 – ஊர் வரலாற்று வாசகர்

பள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஊரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். ஒப்பாவ் அப்போது தனி ஊர். 1938-இல்தான் அது லுட்விக்ஸ்ஹாஃபனோடு இணைக்கப்பட்டது. ஆலையை ஒட்டியே குடியிருப்புகள் இருந்தன. வீடுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்து, சுமார் 6,500 பேர் வீடிழந்தார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையை 500 முதல் 600 வரை எனக் குறிப்பிடுவார்கள். 561 என்ற எண் பரவலாக எடுத்தாளப்படுகிறது. காயமடைந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். ரைனுக்கு அக்கரையிலுள்ள மான்ஹைமில் சன்னல்கள் நொறுங்கின. இன்னும் தொலைவிலுள்ள ஹைடெல்பெர்க்கின் தெருக்களில்கூடக் கண்ணாடிச் சில்லுகள் கிடந்ததால் போக்குவரத்து நின்றது. ஓசை வெகு தொலைவிலுள்ள மூனிக் வரை கேட்டது.

நான்கு நாட்களுக்குப் பின், செப்டம்பர் 25 அன்று, லுட்விக்ஸ்ஹாஃபன் இடுகாட்டில் நடந்த இறுதிச் சடங்கில் ஏறத்தாழ 70,000 பேர் கூடினார்கள். ஜெர்மனியின் அதிபர் ஃப்ரீட்ரிஷ் ஏபெர்ட்டும் வந்திருந்தார். கார்ல் பாஷ் அங்கே பேசும்போது, நாட்டின் கோடிக்கணக்கானோருக்கு உணவளிக்க என்று ஆண்டுக்கணக்கில் தாங்கள் செய்து அனுப்பிய பொருளே திடீரெனக் கொடிய பகையாக மாறிவிட்டது என்றும், அதன் காரணத்தைத் தாங்கள் இன்னும் அறியவில்லை என்றும் கூறினார். தம் வாழ்நாள் உழைப்பின் முன்னால் நின்றுகொண்டு ஒருவர் அப்படிச் சொல்ல நேர்ந்ததை எண்ணும்போது என் மனம் கனக்கிறது.

ஒரு வேண்டுகோள். இடம் இருந்தால் பள்ளத்தின் படத்திற்குப் பக்கத்தில் ஊரின் தெருவைக் காட்டும் படம் ஒன்றையும் வையுங்கள். ஓடுகள் எல்லாம் பறந்து, வெறும் கைமரங்கள் மட்டும் நிற்கும் வீட்டுக் கூரைகளின் படங்கள் பல கிடைக்கின்றன. பள்ளத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதை ஓர் இயற்கைக் காட்சியைப் போல வியந்துவிட்டு நகர்ந்துவிடக்கூடும்.


கேட்டவரின் மறுமொழி – பழம்படச் சேகரிப்பாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அளந்து பார்த்தேன். விளிம்பின் ஓரத்தில் நிற்பவரின் உயரம் சுமார் 2 மில்லிமீட்டர். அதே தொலைவில் பள்ளத்தின் அகலம் 120 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 102 மீட்டர் வருகிறது. பிழைக்கு இடம் விட்டாலும், இது ஒப்பாவின் பள்ளத்தோடுதான் பொருந்துகிறது. அந்த 2 மில்லிமீட்டர் மனிதரைத் தேடி மீண்டும் மீண்டும் உருப்பெருக்கியை நகர்த்தியபோது, அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பது தெரிந்தது. இத்தனை நாள் பார்த்தும் அது என் கண்ணில் படவே இல்லை.

தெருப் படம் ஒன்றையும் தேடி எடுத்துவிட்டேன். படக்குறிப்பை இவ்வாறு அமைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்:

'ஒப்பாவ், ஜெர்மனி, 1921. செப்டம்பர் 21 காலை 7.32 மணிக்கு உரக் கிடங்கில் 4,500 டன் கலப்பு உப்பு வெடித்ததில் ஏற்பட்ட பள்ளம். ஆழம் 19 மீட்டர். இறுகிய உப்பை வேட்டு வைத்துத் தளர்த்தும் முறை அதுவரை சுமார் 20,000 முறை விபத்தின்றிக் கையாளப்பட்டிருந்தது. அந்த ஆண்டு உப்பை உலர்த்தும் முறை மாற்றப்பட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் கிரீவால்டில் இதே வேலையின்போது 19 பேர் இறந்திருந்தார்கள். ஒப்பாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பள்ளத்தின் விளிம்பில் நிற்பவர்களைக் கொண்டு அதன் அளவை அறியலாம்.'


மறுமொழி 6 – வேதியியல் ஆசிரியர்

நன்றாக அமைந்திருக்கிறது. இரண்டே திருத்தங்கள். '4,500 டன் கலப்பு உப்பு வெடித்ததில்' என்பதை '4,500 டன் கலப்பு உப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வெடித்ததில்' என்று மாற்றுங்கள். கிரீவால்டில் 'இதே வேலையின்போது' என்பதற்குப் பதிலாக 'நைட்ரேட்டை இவ்வாறே தளர்த்தும்போது' என்று எழுதினால் இரண்டு உப்புகளும் வேறு என்பது விளங்கும்.


மறுமொழி 7 – பாதுகாப்புப் பணியாளர்

'கவனக்குறைவு' என்ற சொல் வேண்டும் என்ற என் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'உலர்த்தும் முறை மாற்றப்பட்டது' என்ற வரியை மட்டும் இடமில்லை என்று கடைசி நேரத்தில் நீக்கிவிட வேண்டாம் ஐயா. வேறு எந்த வரியை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள்.


கேட்டவரின் மறுமொழி – பழம்படச் சேகரிப்பாளர்

இரண்டு திருத்தங்களையும் செய்துவிட்டேன். இடத்திற்காகக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் படத்தின் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடப் போகிறேன்.